பேரவையா, பணிப்பாளர் சபையா: பாடநெறியும் உதவிப்பணமும் யார் கையில்?

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியானதும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் "எந்தப் பாடநெறி கிடைக்கும்?" என்ற பேச்சு தொடங்கிவிடும். அந்தப் பாடநெறியைத் திறப்பவர் யார், கட்டணம் வைப்பவர் யார், கையில் காசில்லாத பிள்ளைக்கு உதவுபவர் யார் என்று விசாரிப்பவர்கள் குறைவு. கொழும்பில் இருக்கும் மூன்று வழிகளையும் இந்தக் கேள்விகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, கொழும்புப் பல்கலைக்கழகம் போன்ற அரச பல்கலைக்கழகம். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி நிர்வாகம் பேரவையிடமும் கல்வி விவகாரம் மூதவையிடமும் இருக்கின்றன. புதிய பட்டப்படிப்பு ஒன்று துறையில் பிறந்து, பீடச் சபை, மூதவை, பேரவை என்று படியேறி, வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக்குக் காத்திருக்கும். நான்கு வருடச் சிறப்புப் பட்டமென்றால் 120 திறமைப்புள்ளிகள் (கிரெடிட்), மூன்று வருடப் பட்டமென்றால் 90 என்று, பட்டங்களின் தரத்தை வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தோடும் பொருந்த வேண்டும். ஆமை வேகம்தான். ஆனால் திறந்த பிறகு அந்தப் பட்டத்தை யாரும் இலகுவில் கேள்விக்குள்ளாக்க முடியாது. பேரவையில் பீடாதிபதிகளோடு ஆணைக்குழு நியமிக்கும் வெளியாரும் அமர்கிறார்கள். அந்த ஆணைக்குழுவையே நியமிப்பவர் ஜனாதிபதி என்பதால், அரசியல் காற்று படாத சபை என்று சொல்வதற்கில்லை.

உதவிப்பணத்தில்தான் வேடிக்கை. மாணவர் பெரிதும் நம்பியிருக்கும் மகாபொல புலமைப்பரிசில், பேரவையின் பணமே அல்ல. 1981 இல் சட்டத்தால் அமைந்த தனி நிதியம் அது. அதன் தலைவர் பிரதம நீதியரசர். லொத்தர் வருமானம் அதன் ஊற்றுகளில் ஒன்று. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதாந்தத் தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் பர்சரி உதவித்தொகை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்ந்தன. கொடுப்பனவு தாமதமாகும்போது மாணவர் கோஷம் போடுவது துணைவேந்தரின் வாசலில். பணப்பெட்டியின் சாவியோ வேறிடத்தில். பம்பலப்பிட்டியில் ஓர் அறையைப் பங்குபோட்டு எடுத்தாலும் அந்த 2025 தொகை பெரும்பாலும் வாடகைக்கே காணாது.

பர்சரி விண்ணப்பப் படிவத்தையும் சற்று நின்று வாசிக்க வேண்டும். பெற்றோரின் வருமானம், படிக்கும் சகோதரர் எத்தனை பேர், வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். மட்டக்களப்பிலிருந்து வரும் பிள்ளைக்குத் தூரம் கைகொடுக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறைக்கு வாடகை கட்டி, செட்டியார் தெருவில் நாட்கூலிக்கு நிற்கும் தகப்பனின் மகளுக்கு அந்தக் கட்டத்தில் எதுவும் விழாது. நகரத்து வறுமையை அளக்கத் தூரம் உதவாது. பேரவைகள் இதை ஆணைக்குழுவிடம் ஓங்கிச் சொல்லலாம்.

இரண்டாவது, தனியார் நிறுவனம். இங்கே தீர்மானம் பணிப்பாளர் சபையினுடையது. சந்தை கேட்கும் பாடநெறியை விரைவாகத் திறப்பார்கள், ஆள் சேராவிட்டால் அதே வேகத்தில் மூடுவார்கள். பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின்படி பட்டம் வழங்கும் தகுதி வர்த்தமானியில் வந்திருக்கிறதா, எந்தப் பட்டத்துக்கு வந்திருக்கிறது என்று பார்க்காமல் முற்பணம் கட்டவே கூடாது. வர்த்தமானி இருந்தாலும் போதாது என்பதற்கு மாலபேயில் இருந்த சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரி சாட்சி. 2011 இல் அனுமதி பெற்ற அந்த மருத்துவப் பட்டம், மருத்துவர்களைப் பதிவுசெய்யும் மருத்துவச் சபையின் ஏற்பில் சிக்கி, தெருப் போராட்டமாகி, ஈற்றில் நிறுவனமே கலைக்கப்பட்டு மாணவர் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

"புலமைப்பரிசில்" என்று இங்கே விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் கட்டணக் கழிவுதான். கையில் காசு வராது. 2017 இல் தொடங்கிய அரசின் வட்டியில்லாக் கடன் உண்மையான உதவி. ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. ஆரம்பத்தில் பாடநெறிக் கட்டணத்துக்கு 8 இலட்சம் ரூபா. கட்டணம் அதைத் தாண்டினால் மிச்சம் குடும்பத்தின் தலையில். வட்டி இல்லை என்றாலும் கடன் கடன்தான்.

மூன்றாவது, நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம். 1980 இல் அதே சட்டத்தின்கீழ் பிறந்தது, அதற்கும் பேரவையும் மூதவையும் உண்டு. அரசுப் பட்டம்தான், உயர்தரப் பெறுபேற்றை வைத்துக் கணிக்கும் இசட் புள்ளிப் போட்டி கிடையாது, ஆனால் கட்டணம் உண்டு. பதிவுசெய்யும் பாடங்களுக்கே பணம் என்பதால், கை இறுக்கமான வருடத்தில் இரண்டு பாடத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகையும் இருக்கிறது. விண்ணப்பத் திகதியைத் தவறவிடாமல் கேட்டுப் பெற வேண்டும். படிப்பு இழுபடும். வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர்கள் பலர் குறித்த காலத்தில் முடிப்பதில்லை. பக்கத்தில் நண்பர் கூட்டமும் இராது.

அரச பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால், விரும்பிய பாடநெறிக்கு ஒரு படி கீழே இருந்தாலும் அதை விடக்கூடாது என்பேன். சில புள்ளிகளால் தவறிய பிள்ளைக்கு, வீட்டில் நகையை அடகு வைத்துத்தான் தனியார் கட்டணம் கட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால், நாவலை. கட்டணத்தை முழுதாகக் கட்ட வசதியுள்ளவர்கள் தனியாரிடம் தாராளமாகப் போகலாம். ஆனால் இறுதி வருடம் வரை கட்டணம் ஏறாது என்பதையும், பாடநெறி நடுவில் நின்றால் என்ன ஏற்பாடு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அனுமதி மேசையில் சிரித்துக்கொண்டு சொல்லும் பதிலைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.