ஜிப்ஸிக்கு அலுமினிய ரேடியேட்டர்: ஏற்றத்தில் நிம்மதி, விடிந்தால் ஒரு சொட்டு

கோத்தகிரியில் இருக்கும் நண்பன் நேற்று ஒரு லிங்க் அனுப்பினான். "மாப்ள, நீ போட்ட அதே கூலிங் கிட்டுதான, விலை இறங்கியிருக்கு, வாங்கிடவா?" ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

வண்டி 1300 சிசி பெட்ரோல் மாருதி ஜிப்ஸி ஜீப். பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு தடித்த அலுமினியம் போட்டேன். பெல்ட்டில் ஓடும் ஃபேன் போய் எலெக்ட்ரிக் ஃபேன் வந்தது, கூடவே சிலிகான் ஹோஸ், ரேடியேட்டருக்குப் புது மூடி. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைக்கும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்துவிடலாம் என்றார் மெக்கானிக் அண்ணன். சமவெளி டிரைவர்கள் பலரும் செய்கிற வேலைதான். ஊட்டிக் குளிரில் அதைக் கழற்றினால் எஞ்சின் சூடே பிடிக்காது, பெட்ரோல்தான் வீணாகும். கம்பெனி தெர்மோஸ்டாட்டே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மே மாதம், மேட்டுப்பாளையத்தில் வெயில் கொளுத்தும்போது கல்லாறு தாண்டி ஏறுகிறீர்கள். முன்னால் ஒரு லோடு லாரி, பின்னால் டூரிஸ்ட் வேன், இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டே கொண்டை ஊசி வளைவுகள். அதுவரைக்கும் பழைய ஃபேனும் சமாளிக்கும், ஏனென்றால் எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அதுவும் வேகமாகச் சுற்றும். சிக்கல் பர்லியாறு பக்கம் வண்டிகள் மொத்தமாக நின்றுவிடும்போதுதான். எஞ்சின் ஐடிலுக்கு வரும், ஃபேனும் சோம்பிவிடும். ஏறி வந்த சூடு மட்டும் அப்படியே உள்ளே இருக்கும். சூடு காட்டும் முள் மேலே போக ஆரம்பிக்கும், கண் ரோட்டை விட்டு மீட்டருக்குப் போய்விடும். எலெக்ட்ரிக் ஃபேனுக்கு அந்தக் கவலையே இல்லை. வண்டி நின்றாலும் முழு வேகத்தில் இழுக்கிறது. போட்ட பிறகு முள் பாதியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. பானெட்டைத் தூக்கிவைத்து ஓடைத் தண்ணீரை கேனில் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் கர்வம்கூட வருகிறது, மறைப்பானேன்.

மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அப்படி ஆகாமல் காப்பது மூடியின் ஸ்பிரிங் பிடித்துவைக்கும் அழுத்தமும் தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டும்தான். மூடி தளர்ந்த வண்டி, மேட்டுப்பாளையத்தில் கொதிப்பதைவிட குன்னூரில் சீக்கிரம் கொதிக்கும். எத்தனையோ பேர் ரேடியேட்டரை மாற்றுகிறார்கள், மூடியைத் தொடுவதே இல்லை.

இனி என் எரிச்சல். டிசம்பர், ஜனவரி மாதங்களில், தலைக்குந்தா பக்கம் உறைபனியில் புல் வெள்ளையாகிற சமயம், காலையில் வண்டிக்கு அடியில் பச்சையாக ஒரு சொட்டு கிடக்கும். ஒன்றே ஒன்று, சில நாள் இரண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் கீழ் ஹோஸின் கிளிப்புக்கு அடியில் அடுத்த சொட்டு திரண்டு நிற்கும். ஸ்டார்ட் செய்து எஞ்சின் சூடானதும் மாயமாகிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் காய்ந்து, மெக்கானிக் அண்ணன் விரலால் தடவிக் காட்டி, "ஒண்ணுமே இல்லைங்களே" என்பார். டாக்டரைப் பார்த்ததும் பறந்துவிடும் காய்ச்சல் மாதிரி.

ஒரு சொட்டுக்கு ஏன் இந்த அலட்டல் என்றால், கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் நாயின் சிறுநீரகத்தையே முடித்துவிடும். எங்கள் லைனில் நாய்களுக்குக் குறைவில்லை, எல்லாம் ராத்திரி வண்டிக்கு அடியில்தான் சுருண்டு படுக்கும். அதனால் தினமும் விடிந்ததும் வண்டிக்கு அடியில் விரித்துவைத்த காகித அட்டையை உருவிப் பார்த்து, தரையைத் துடைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே என் வேலை.

காரணம் என்ன? கம்பெனி ரேடியேட்டரில் குழாய் முனையில் ஒரு வரம்பு உருட்டியிருக்கும், ஹோஸ் அதைத் தாண்டி ஏறி உட்காரும். இந்த அலுமினியக் குழாய் வழுவழு என்று நேராக இருக்கிறது. அதன்மேல் மெத்தென்ற சிலிகான் ஹோஸ், அதைப் பிடிக்க பளபளக்கும் ஸ்க்ரூ கிளிப். குளிரில் எல்லாம் சுருங்கும்போது ஸ்க்ரூ கிளிப் திருகிய அளவிலேயே நின்றுவிடும். இன்னும் இறுக்கினால் சிலிகான் கிளிப்பின் வெட்டுகளுக்குள் பிதுங்குகிறது. கம்பெனிக்காரன் போடும் அசிங்கமான ஸ்பிரிங் கிளிப் இருக்கிறதே, அது ஹோஸ் சுருங்கச் சுருங்கத் தானும் சேர்ந்து இறுகும். அதையே தேடி வாங்கிப் போட்டேன், பாதி குறைந்தது. கடும்பனி விழுந்த மறுநாள் மட்டும் இன்னும் சொட்டுகிறது.

கிட் விற்றவருக்கு ஃபோன் போட்டேன். "அங்க அவ்வளவு குளிருங்களா சார்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவரிடம் என்ன பேசுவது?

இன்னொன்று, பழைய ரேடியேட்டர் ஒழுகினால் ஈயம் வைத்து ஒட்டித் தர ஆள் இருந்தது. அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர் வேண்டும், அதற்குக் கோவை இறங்க வேண்டும். ராத்திரி மூடுபனியில் ஐடிலில் நிற்கும்போது ஃபேன் ஓட ஆரம்பித்தால் ஹெட்லைட் ஒரு நொடி மங்கும். இதெல்லாம் பழகிவிட்டது. சொட்டுதான் பழகவில்லை.

ஆகவே மாப்ள, வாங்காதே. உன் வண்டி கொதிக்கிறது என்றால் முதலில் மூடியையும், பெல்ட் ஃபேனைச் சூட்டுக்கு ஏற்பப் பிடித்துச் சுற்றவைக்கும் ஃபேன் கிளட்ச்சையும் மாற்று, பழைய ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய். நான் என்னுடையதைக் கழற்றப் போகிறேனா என்று கேட்காதே, மே மாதம் அதே ஏற்றத்தில் ஏற வேண்டியவன் நான். இவ்வளவு சொல்லியும் விலையைப் பார்த்து நீ வாங்கத்தான் போகிறாய் என்றால், பணம் கட்டும் முன் கீழ்க் குழாயின் முனையை க்ளோஸப்பில் ஒரு ஃபோட்டோ கேள். வரம்பு இல்லையென்றால் இன்னும் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.