கேற்றைத் தட்டும் மிட்வைஃபும் பெயர் சொல்லிக் கூப்பிடாத கிளினிக்கும்: என் யாழ்ப்பாண அனுபவம்

யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்த பெண் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அலையத் தேவையில்லை. எழுத்து முடிந்த சில நாட்களிலேயே எங்கள் பகுதி மிட்வைஃப் வந்து கேற்றைத் தட்டினார். ஃபோலிக் அமில மாத்திரை, றுபெல்லா ஊசி போட்டாச்சோ என்ற விசாரணை, எல்லாம் விறாந்தையிலேயே முடிந்தது. ஒரு சதம் செலவில்லை.

மூத்தவன் பிறந்த பிறகு, கருத்தடைக்கு ஊசியா, கருப்பைக்குள் வைக்கும் லூப்பா, கையில் வைக்கும் ஜடெலா என்று கேட்டார். ஜடெலுக்குச் சம்மதித்தேன். மேற்கையை மரக்கப்பண்ணி, தீக்குச்சி போன்ற இரண்டு மெல்லிய குழாய்களைத் தோலுக்கடியில் வைத்தார்கள். 5 வருடம் தாங்கும். வைத்தபோது நோகவில்லை, முதல் மாதங்களில் இரத்தப்போக்குத்தான் நினைத்த நேரம் வந்து பாடாய்ப் படுத்தியது. அப்படி வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. மாமிதான் "உதைக் கழட்டிப்போடு பிள்ளை" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

35 வயதில் வெல் வுமன் கிளினிக்கில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரக்கூடுமா என்று பார்க்கும் பாப் பரிசோதனை செய்தேன். மார்பு, பிரஷர், சீனி எல்லாம் சேர்த்தே பார்த்தார்கள். முடிவு வரத்தான் வாரக்கணக்கில் இழுத்தது. வரும்தானே என்று இருக்காமல் போய்க் கேளுங்கள்.

சரி, கலியாணமாகாதவர்கள்? ஊரில் எல்லா வீட்டுக் கேற்றையும் தட்டுகிற மிட்வைஃபிடம் எந்தக் குமர்ப்பிள்ளை வாய் திறக்கும்? என் தோழி வெள்ளைபடுதலுக்காகத் தனியாரில் சனல் பண்ணிப் போனாள். ஆட்கள் வரிசையில் இருக்க, "மிஸ்ஸோ மிஸிஸோ, என்ன வருத்தம்?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறார்கள். காசும் போய் மானமும் போச்சு என்றாள்.

பிறகு அவளுக்குக் கனடா மாப்பிள்ளை பொருந்தியது. எச்ஐவி பரிசோதனை செய்வோம் என்று இருவரும் பேசி, போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ப் பிரிவுக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். கடிதம் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, இலக்கம்தான். என்னைக் கேட்டால் முதலிடம் அவர்களுக்குத்தான்.

அவசரக் கருத்தடை மாத்திரை பாமசியில் டொக்டரின் துண்டு இல்லாமலே கிடைக்கும். ஊர்க் கடையில் கேட்க வெட்கம் என்றால் டவுனுக்கு பஸ் ஏறுங்கள், ஆனால் அன்றைக்கே ஏறுங்கள். உறவுக்குப் பிறகு 72 மணித்தியாலக் கெடு என்றாலும், பிந்தப் பிந்த அது வேலை செய்வது குறைந்துகொண்டே போகும்.