பிளானிக் கிளைடருக்கு வாங்கிய விப் ஆன்டெனா

எங்கள் பிளானிக் எல்-13 கிளைடரின் (இன்ஜின் இல்லாத விமானம்) உடல் முழுக்க அலுமினியம். கண்ணாடியிழைக் கிளைடர் மாதிரி உள்ளே ரேடியோ ஆன்டெனாவை வைக்க முடியாது, தகடு அலையைத் தடுத்துவிடும். அதனால் வெளியே நிற்கும் விப் (மெல்லிய கம்பி ஆன்டெனா) வாங்கினேன், அலைநீளத்தில் கால் பங்கு, சுமார் 58 செ.மீ. நீளம். உடல் தகடே அதற்குத் தரைத்தளம், அதாவது ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்யும் உலோகப் பரப்பு.

முதலில் மாட்டியதும் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு, 1 தான் சிறந்தது) 3 காட்டியது. மனசே விட்டுப்போனது. கழற்றிப் பார்த்தால், அடிப்பாகம் உட்கார்ந்த இடத்தில் பழைய பெயின்ட்! துளையைச் சுற்றி விரல் அகலத்துக்கு, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினேன். உள்ளே தாங்குதகடு வைத்து ரிவெட் அடித்தது உரிமம் பெற்ற மெக்கானிக். மறுபடி முறுக்கினோம்: 1.4. அப்புறம் 123.3 மெகாஹெர்ட்ஸில் பேச்சு அவ்வளவு தெளிவு.

ஆன்டெனா அடியில் தண்ணீர் புகாமல் வைக்கும் கேஸ்கெட் மட்டும் மெலிசு. முதல் மழைக்கே ஒழுகியது, தடிமனாக ஒன்று வாங்கிப் போட்டேன்.