மேக்பெத் ஒலி நாடகம்: பட்டங்கள் தெளிவு, ஒரு செய்தி மட்டும் காணோம்

காதால் மட்டுமே கேட்டு முடிக்க வேண்டிய மேக்பெத் இது. கிரீடம், உடை எதுவும் கண்ணில் படாது. யார் யார் என்பதைப் பட்டப்பெயர்கள்தான் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியரின் இந்த நாடகமே ஸ்காட்லாந்து அரசனிடம் நிலம் பெற்று ஆளும் 'தேய்ன்' எனப்படும் பிரபுக்களுக்கு நடுவில் நடப்பது. அதனால் பட்டங்களை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கவனித்தேன்.

சொல்வதில் குறையே இல்லை. மூன்று சூனியக்காரிகளும் தளபதி மேக்பெத்தை வாழ்த்தும் இடத்தில் மூன்று குரல்களும் மூன்று தூரங்களில் ஒலிக்கின்றன. 'கிளாம்ஸ் தேய்ன்' (கிளாம்ஸ், கோடர் இரண்டும் ஊர்ப் பெயர்கள்) காதுக்குப் பக்கத்தில், சாதாரணமாக வருகிறது. அப்பா சைனல் இறந்ததால் அவனிடம் ஏற்கெனவே இருக்கும் பட்டம்தானே அது! 'கோடர் தேய்ன்' கொஞ்சம் தள்ளிக் கேட்கிறது. அரசனாகப் போகிறவன் என்ற மூன்றாவது வாழ்த்து எங்கோ காற்றில் வருகிறது. நல்ல யோசனை.

ஆனால் அதற்கு முந்தைய காட்சியில் கத்தரி வைத்துவிட்டார்கள். மூல நாடகத்தில், அப்போதைய கோடர் தேய்ன் துரோகி என்று ராஸ் என்ற பிரபு வந்து சொன்னதும் அரசர் டங்கன் அவனுக்கு மரண தண்டனை விதித்து, பட்டத்தை மேக்பெத்துக்குக் கொடுக்கச் சொல்லிவிடுவார். இதெல்லாம் சூனியக்காரிகள் வாயைத் திறப்பதற்கு முன்பே நமக்குத் தெரியும். அதாவது கோடர் விஷயத்தில் அவர்கள் சொல்வது மேக்பெத்துக்குத்தான் ஜோசியம், நமக்குப் பழைய செய்தி. ராஸ் வந்து பட்டத்தைச் சொன்னதும் ஆடிப்போகும் மேக்பெத்தை நாம் விலகி நின்று கவனிக்க முடிவது அதனால்தான். இந்தப் பதிப்பில் காயம்பட்ட வீரனின் போர் வர்ணனை முழுசாக இருக்கிறது, ராஸ் கொண்டுவரும் செய்தி இல்லை. விளைவு, கேட்பவரும் மேக்பெத்தோடு சேர்ந்து வாயைப் பிளக்கிறார், சூனியக்காரிகள் எல்லாம் அறிந்தவர்களாகிவிடுகிறார்கள். திடுக்கிடல் கிடைக்கிறது என்று சிலர் ரசிக்கலாம். எனக்கு அது நஷ்டக் கணக்கு. நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வீரனின் வர்ணனையில் கை வைத்திருக்கலாம்.

பழைய கோடரின் முடிவைச் சொல்லும் காட்சியில் அந்தக் குறையைப் பாதி ஈடுகட்டிவிட்டார்கள். முகத்தைப் பார்த்து மனசைப் படிக்க முடியாது, அவனை முழுசாக நம்பியிருந்தேன் என்று டங்கன் சொல்லி முடிப்பதற்குள் காலடிச் சத்தம் கேட்கிறது. வருவது புதிய கோடர்! டங்கன் குரலில் உடனே சந்தோஷம். பாவம், மனுஷன் பாடமே படிக்கவில்லை. அடுத்து தன் மகன் மால்கமைக் கம்பர்லாந்து இளவரசன், அதாவது அரச வாரிசு, என்று அவர் அறிவிக்கும்போது கரவொலி பின்னால் போய், மேக்பெத்தின் மூச்சு மட்டும் மைக்கை ஒட்டிக் கேட்கிறது.

தூங்கும் டங்கனை மேக்பெத் கொன்றபின் வரும் காட்சிதான் உச்சம். கிளாம்ஸ் தூக்கத்தைக் கொன்றான், அதனால் கோடருக்கு இனித் தூக்கமில்லை, மேக்பெத்துக்குத் தூக்கமில்லை என்று ஒரே ஆளை மூன்று பேராக எண்ணும் வரியை நடிகர் மெதுவாக, வரவுசெலவு வாசிப்பதுபோல் சொல்கிறார். அவசரமாகக் கத்தியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

நான்காம் அங்கத்தில் சூனியக்காரிகள் காட்டும், பேசாமல் கடந்துபோகும் எட்டு அரசர்களின் உருவங்களை ஒலியில் என்ன செய்ய முடியும்? முரசு அடித்துச் சமாளித்திருக்கிறார்கள். வீரர்கள் மரக்கிளைகளை ஏந்தி வருவதால் பர்னம் காடே நகர்வதுபோல் தோன்றும் இடமும் வெறும் இலைச் சலசலப்புதான். கூடவே வரும் சிறு கையேடு உருப்படியானது: நிஜ மேக்பெத் 1040 முதல் 1057 வரை ஆண்டவர், நிஜ டங்கன் படுக்கையில் அல்ல, போரில் இறந்தார், இன்றைய கோடர் கோட்டை அதற்கெல்லாம் வெகுகாலம் பின்னால் கட்டப்பட்டது என்று சுருக்கமாகச் சொல்கிறது.

கடைசிப் பேச்சை வெட்டவில்லை, நல்லவேளை. மேக்பெத் வீழ்ந்ததும், மால்கம் முடி சூடப் போகும் முன்பே தேய்ன்களை எல்லாம் 'ஏர்ல்' ஆக்குகிறான். ஸ்காட்லாந்தில் அந்தப் பட்டம் பெறும் முதல் ஆட்கள் நீங்கள்தான் என்கிறான். குரலில் இருக்கும் அவசரத்தைக் கேட்டால் டங்கன் மகன்தான் என்று தெரிகிறது.

நாடகம் தெரிந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். முதல் முறை கேட்பவர்கள் முதல் அங்கம் இரண்டாம் காட்சியின் கடைசி இருபது சொச்சம் வரிகளை அச்சில் படித்துவிட்டு, அப்புறம் ஆரம்பியுங்கள்.