கொம்பும் காலும் தவறாத கருவிகள்: 16 வருட டிசைன் வேலையில் கண்டது

திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து 16 வருடமாக டிசைன் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, புத்தக அட்டை, ஹோட்டல் மெனு, மருந்துக் கடைப் பலகை என்று எல்லாம் வரும். புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் "எந்த சாஃப்ட்வேர் நல்லதுண்ணா?" என்று கேட்டால், "முதலில் அதில் ‘கொ’ அடித்துப் பார்" என்பேன். ஒற்றைக் கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் ஒழுங்காக வந்து உட்கார்ந்தால் மேற்கொண்டு பேசலாம்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘க’ முதலில் பதிவாகும், உயிர்க்குறி அதற்குப் பின்னால்தான் பதிவாகும். அந்தக் குறியைப் பிரித்து ககரத்துக்கு இரு பக்கமும் வைப்பது மென்பொருளின் வேலை. அதற்குத் தமிழ் தெரியாவிட்டால் கொம்பு தனியாகத் தள்ளி நிற்கும், பக்கத்தில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டமும் வரும். ஃபோட்டோஷாப்பில் இந்தத் தொல்லையை நான் பல வருடம் அனுபவித்தேன். முந்தைய பதிப்புகளில், பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புது ஃபைல் திறந்தால் தமிழ் சரியாக விழுந்தது. இது தெரியாமல் இன்னும் பலர் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களான வானவில்லிலும் பாமினியிலும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபதிப்பு வரும்போது அந்த எழுத்துரு கையில் இல்லையென்றால் திரையில் ஆங்கில எழுத்துகள்தான் கொட்டிக் கிடக்கும்.

புத்தகப் பக்கங்களை அமைக்க இன்டிசைன். பாராகிராஃப் மெனுவில், வரிகளை அமைக்கும் கம்போஸரை வேர்ல்ட்-ரெடிக்கு மாற்ற வேண்டும், மொழியையும் தமிழ் என்று வைக்க வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரு ஓரமும் சமப்படுத்தினால் நடுவில் ஓட்டை ஓட்டையாய் இடைவெளி விழும், அதனால் அங்கே இடது ஓரம் மட்டும் நேராக விடுவேன். 11 பாயின்ட் எழுத்துக்கு 16 பாயின்ட் வரி இடைவெளியாவது கொடுப்பேன். கீழே ‘கூ’வின் சுழியும் மேலே ‘ரீ’யின் விசிறியும் முட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே.

கோரல் டிராவை விட முடியாது. இங்கே பாதி அச்சகங்களில் "கோரல்ல குடுங்க தம்பி" என்றுதான் கேட்பார்கள். ஒருமுறை அவசரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை ஃபைலை கர்வ்ஸாக, அதாவது எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றாமல் அனுப்பிவிட்டேன். அங்கே இருந்தது பழைய பதிப்பு, என் எழுத்துருவும் இல்லை. தலைப்பில் இருந்த ‘ஸ்ரீ’ உடைந்து, ஸ் தனியாக, ர தனியாக, விசிறி தனியாக 500 அட்டையிலும் அச்சாகிவிட்டது. பெண்ணின் அப்பா ஒரு அட்டையை மேசையில் வைத்து, "முதல் வரியே பிரிஞ்சு நிக்குதே தம்பி" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மறுநாளே ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்கி என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து கர்வ்ஸாக மாற்றும் கன்ட்ரோல் க்யூவை அடிக்காமல் எந்த ஃபைலும் என் அறையை விட்டுப் போவதில்லை. திருத்துவதற்கு எழுத்தாகவே இருக்கும் ஒரு பிரதி என்னிடம் தனியாக இருக்கும்.

அந்த ‘ஸ்ரீ’க்குள் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸகரத்தில் தொடங்கி ஒரு வழி, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி இன்னொரு வழி என்று அதை இரண்டு விதமாக அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பெயர்ப் பட்டியல் உள்ள விழா மலர் எதையும் இரண்டு விதமாகவும் தேடிப் பார்த்த பிறகே முடிக்கிறேன்.

காசில்லாமல் தொடங்குபவர்களுக்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளைத் தைரியமாகச் சொல்வேன். அதில் தமிழ் எந்த அமைப்பும் மாற்றாமலேயே சரியாக வரும். அச்சுக்கான நாலு மசி சிஎம்ஒய்கே வண்ணத்தில்தான் அது பலவீனம், அதற்கு ஸ்க்ரைபஸ் என்ற இலவசப் பக்க அமைப்பு மென்பொருள் பக்கம் போக வேண்டும். அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருள் வேகமாக ஓடும், எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் நான் வாங்கிய 2-ஆம் பதிப்பில் கொம்பு இடம் மாறியது. சரி, படவேலைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

எழுத்துருக்களில் என் வலது கை கட்டமரன். நம் கட்டுமரத்தின் பெயர்தான் அது. மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 9 எடைகள், தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் எழுதியதுபோல் சேர்ந்து நிற்கும். முக்த மலர் நீண்ட பத்திக்கு, கவிவனர் கையெழுத்துச் சாயலுக்கு. எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். இவற்றை வரைந்தவர்கள் தமிழுக்குச் செய்திருப்பது பெரிய காரியம். நான் நன்றியோடுதான் பயன்படுத்துகிறேன்.

அடிப்பதற்கு என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பழக எனக்குப் பத்து நாள் ஆனது.

அப்புறம், எந்த எழுத்துருவையும் திரையில் பார்த்து முடிவு செய்வதில்லை. ஸ்ரீ, க்ஷ, கொ, நூ, ழு, ஞை, பக்கத்தில் பக்கத்தில் ‘கௌ’வும் தப்பாக அடிக்கப்படும் ‘கெள’வும் என்று ஒரு ஏ4 தாளில் பல அளவுகளில் அச்சடித்து ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். இப்போது சுவரில் ஒட்டியிருப்பது அனேக் தமிழ் என்ற எழுத்துருவின் ஒடுங்கிய வடிவம். 8 பாயின்ட்டில் ‘ழு’வின் உள்வெளி மசியில் அடைபடாமல் இருந்தால் ஒரு மருந்து லேபிளுக்கு அதையே எடுக்கப் போகிறேன்.