கோல்பேஸா, மவுண்ட் லவீனியாவா? கொழும்பின் இரண்டு பழைய ஹோட்டல்களில் பஃபே

கொழும்பில் பழைய ஹோட்டல் ஒன்றில் ஆற அமர பஃபே சாப்பிட வேண்டும் என்று கதை தொடங்கினால் அது இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்கும். ஒன்று காலிமுகத்திடலின் தெற்கு முனையில் இருக்கும் கோல்பேஸ் ஹோட்டல். மற்றது கல்கிசையில் கடலை ஒட்டிய பாறைமேட்டில் நிற்கும் மவுண்ட் லவீனியா ஹோட்டல். எது திறம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எத்தனை மணிக்குப் போகப் போகிறீர்கள் என்பதைத்தான். மத்தியானம் பசியோடு என்றால் கல்கிசை. பின்னேரம் என்றால் கோல்பேஸ். மாறிப் போனால் கொடுத்த காசுக்கு மனம் ஆறாது என்பது என் கட்சி.

இரண்டுமே பழசு, ஆனால் ஒரே மாதிரிப் பழசு அல்ல. கோல்பேஸ் 1864இல் ஹோட்டலாகவே பிறந்தது. சுயஸ் கால்வாய் திறந்ததே அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான். கப்பலில் வந்திறங்கியவர்கள் கடலைப் பார்த்தபடி பொழுதைப் போக்கிய இடம் என்பதால் அதன் உயிர் விறாந்தையில் இருக்கிறது. சாத்து குட்டன் என்ற கேரளத்துக்காரர் 1942இல் அங்கே வேலைக்குச் சேர்ந்து 2014இல் இறக்கும்வரை இருந்தார். வெள்ளை உடுப்பும் வெள்ளை மீசையுமாக அவர் வாசலில் நின்று வரவேற்றதை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு.

மவுண்ட் லவீனியா அப்படியல்ல. ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் 1806இல் தனக்கென்று எடுப்பித்த மாளிகை அது. அவருக்கும் லொவினியா என்ற நடனக்காரிக்கும் இருந்த தொடுப்பு, அவள் வந்துபோன சுரங்கப்பாதை என்று ஒரு கதை உண்டு. உண்மை பொய் எப்படியோ, ஹோட்டல் அதை விடுவதாயில்லை. பஃபே நடக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் கவர்னர்ஸ் என்றுதான் பெயர்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பஃபே என்பதே அடியில் சுடுதண்ணீர் வைத்த தட்டங்களின் விளையாட்டு. அதில் அரை மணி நேரம் கிடந்தால் நூடில்ஸ் காயும், பொரித்த இறால் நமத்துப்போகும், வாட்டிய மீன் இறுகும். கிடந்தாலும் கெடாமல், சிலவேளை கூடுதல் ருசியாவது நம்மூர்க் கறிகள்தான். கொறக்காப் புளி போட்டு வற்றவைத்த அம்புல் தியல் மீனுக்கோ, பொலோஸ் எனும் பிஞ்சுப் பலாக்காய்க் கறிக்கோ நேரம் ஒரு பகையே அல்ல. ஞாயிறு மத்தியானம் கல்கிசையைச் சொல்வது இதற்காகத்தான். ஃப்ரைட் ரைஸ் பக்கம் தலைகாட்டாமல் சோறு, பருப்பு, ஒரு மீன், ஒரு இறைச்சி, இரண்டு மரக்கறி, தேங்காய்ப்பூப் போட்ட கீரைச் சுண்டலான மல்லுங் என்று ஒரு சுற்று. கடைசியில் வட்டிலப்பம். அவ்வளவுதான், நெஞ்சு நிறைந்துவிடும்.

அப்பம் சுடும் இடம் எந்த பஃபேயில் இருந்தாலும் அங்கேயே நில்லுங்கள். ஆள் தாச்சியில் ஒரு அகப்பை மாவை ஊற்றி ஒரு சுழற்று, ஓரம் பிடித்ததும் நடுவில் முட்டை, மூடி. மூடியைத் திறக்கும்போது ஓரம் பொன்னிறமாய் முறுகி இருக்க வேண்டும், மஞ்சள் கரு ஆட வேண்டும். அதை மேசைக்குக் கொண்டுபோய் ஆளுக்கு ஆள் பங்கு பிரித்துக்கொண்டிருந்தால் முறுகல் போய்விடும். சுட்ட சூட்டோடு சம்பலைத் தொட்டுச் சாப்பிட வேண்டிய சாமான் அது. வரிசையில் பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

மரக்கறிச் சாப்பாட்டுக்காரருக்கு ஒரு எச்சரிக்கை, இது இரண்டு இடத்துக்கும் பொது. சம்பலிலும் பல மரக்கறிகளிலும் மாசிக்கருவாடு போடுவது சிங்களச் சமையலில் சாதாரண விஷயம். பெயர்ப் பலகையில் வெறும் தேங்காய்ச் சம்பல் என்றுதான் இருக்கும். வெள்ளிக்கிழமை விரதக்காரர் யாராவது கூட வந்தால் தட்டத்தைத் திறக்க முதல் கேட்டுவிடுங்கள்.

கோல்பேஸின் பலம் வெராண்டாவின் மாலைத் தேநீர். ஸ்கோன், வெள்ளரிக்காய் சான்ட்விச், கேக், அவற்றுக்குப் பக்கத்தில் ஷோட் ஈட்ஸ் எனும் நம்மூர்ச் சிற்றுண்டிகள். உண்மையைச் சொன்னால், பற்றிஸும் கட்லட்டும் வெள்ளவத்தையில் இதைவிட நன்றாகவே கிடைக்கும். அங்கே காசு கொடுப்பது கதிரைக்கும் காற்றுக்கும். நாலு மணிக்குப் போய், இரண்டாவது கோப்பைத் தேத்தண்ணியில் வெயில் தணிந்து, கொடி இறக்கும் நேரத்துக்கு பேக்பைப் வாசிப்பவர் வரும்வரை இருந்தால் கணக்குச் சரி. மூன்று தட்டு நிறைய அள்ளிக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் எழும்புபவருக்கு நட்டம்தான். வெளி மேசையில் சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்பினால் மிச்சத்தைக் காகம் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்த பெரிய குடும்பம் என்றால் நான் யோசிக்காமல் கல்கிசை என்பேன். பிள்ளைகள் ஓடியாட இடம் உண்டு, அம்மம்மாவுக்குச் சோறும் உண்டு. கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் போனால், கொள்ளுப்பிட்டி தாண்டிக் கடலோடு கடலாக ஒரு பயணமும் கிடைக்கும். கல்கிசை நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். இரண்டு பேர் மட்டும், கதைக்க நிறைய இருக்கிறது என்றால் கோல்பேஸ். நாளை விமானம் ஏறும் விருந்தாளிக்கும் அதுதான் வசதி, நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

விலை அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதி வைத்துப் பயனில்லை. போன் எடுக்கும்போது, சொல்லும் தொகை எல்லாம் சேர்த்ததா என்று கேளுங்கள். பத்து வீத சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான வட் வரியும் மேலே ஏறினால் மூன்று பேருக்கான பில் நாலு பேருக்கானதாகத் தெரியும். கையில் இருக்கும் வங்கி அட்டைக்குக் கழிவு உண்டா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். பியரோடு சாப்பிட நினைப்பவர்கள் கலண்டரில் போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினமா என்று பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். அன்றைக்கு மது விற்பனை கிடையாது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கோல்பேஸில் ஓரத்து மேசையை விட உள்வரிசையே மேல். மற்ற மாதங்களில், கொஞ்சம் வற்புறுத்தியாவது ஓரத்து மேசையை எடுத்துவிடுங்கள்.