ஜெயித்த இரவில் இரண்டு பேச்சு: டெல்லியா, ஹைதராபாத்தா?

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை இரவு. சென்னையில் மிக்ஜாம் புயல் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. நாலு மாநிலத் தேர்தல் முடிவும் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த பத்திரிகையில், முதல் பக்கப் பெட்டிச் செய்தியாக எந்தத் தலைவரின் பேச்சைப் போடுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு அன்றைக்கு என்னுடையது.

மேசையில் இரண்டு தாள். ஒன்று, பாஜக தலைமையகத்தில் பிரதமர் மோடி பேசியது. மற்றது, தெலங்கானா காங்கிரஸ் தலைவர் ரேவந்த் ரெட்டி ஹைதராபாத்தில் பேசியது. தொண்டர்களுக்கு நன்றி, வாக்காளர்களுக்கு நன்றி என்பதெல்லாம் இரண்டிலும் இருந்தது. அதை விட்டுவிடலாம்.

மோடி பேச்சின் சாரம்: மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்ற இந்த ஹாட்ரிக், 2024 மக்களவைத் தேர்தல் ஹாட்ரிக்குக்கு உத்தரவாதம். ரேவந்த் சொன்னது சின்ன விஷயம். முதல்வர் இருந்த பிரகதி பவன் இனி அம்பேத்கர் பெயரில் பிரஜா பவன் ஆகும், மக்களுக்குத் திறந்துவிடப்படும்.

இரவுப் பணியில் இருந்த மூத்தவர், "டெல்லி பேச்சைத்தான்யா எல்லாரும் படிப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இருந்தாலும் நான் ஹைதராபாத்தைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் ஒன்றே ஒன்று: சொன்னதைச் சரிபார்க்க முடிகிறதா?

மாநில வெற்றியை நாடாளுமன்றத்துக்கு நீட்டிச் சொல்லும் பேச்சு அந்த இரவில் அழகாக இருக்கும். ஆனால் அதே மூன்று மாநிலங்களின் கதையைப் பாருங்கள். 2003 டிசம்பரில் மூன்றிலும் பாஜக ஜெயித்தது. அந்தத் தெம்பில் மக்களவைத் தேர்தலை முன்கூட்டியே வைத்தார்கள். 2004இல் அந்த மாநிலங்கள் கைவிடவில்லை, நாடு கைவிட்டது. 2018இல் மூன்றிலும் காங்கிரஸ் ஆட்சி அமைத்தது. ஆறே மாதத்துக்குள் வந்த மக்களவைத் தேர்தலில் காங்கிரஸுக்கு ராஜஸ்தானில் ஓரிடம்கூட இல்லை, மத்தியப் பிரதேசத்தில் ஒன்று, சத்தீஸ்கரில் இரண்டு. இப்படிப்பட்ட தடத்தை வைத்துக்கொண்டு உத்தரவாதம் என்ற சொல்லைத் தலைப்பில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

சரி, 2024இல் என்ன ஆயிற்று? மோடி மூன்றாவது முறையும் பிரதமரானார். அவர் சொன்னது நடந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் 29க்கு 29. ஆனால் ராஜஸ்தானில் 24 இடம் 14 ஆகக் குறைந்தது. நாடு முழுக்க 240தான், பெரும்பான்மைக்குக் கூட்டணிக் கட்சிகள் தேவைப்பட்டன. ஆக, மாநில வெற்றிதான் இதைக் கொண்டுவந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அந்த மூன்று மாநிலங்களையும் நான் செய்தி வழியாக மட்டுமே அறிவேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹைதராபாத் பேச்சைச் சரிபார்க்க நாலு நாள் போதுமானதாக இருந்தது. டிசம்பர் 7 ரேவந்த் பதவியேற்றார். அன்றைக்கே பிரகதி பவன் முன்னால் இருந்த இரும்புத் தடுப்புகளை வெட்டி எடுத்தார்கள். கேஸ் கட்டரில் தீப்பொறி பறந்த அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மனுக்களோடு மக்கள் உள்ளே போனார்கள். பெயர் மட்டும் மாறியது. அம்பேத்கர் என்று சொன்னது ஜோதிராவ் பூலே பிரஜா பவன் ஆயிற்று. டிசம்பர் 9 முதல் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயணம்.

இந்த வகைப் பேச்சிலும் பழுது உண்டு. பெண்களுக்கு மாதம் 2,500 ரூபாய் என்ற தேர்தல் வாக்குறுதி 2024 முடிந்தும் தொடங்கவில்லை. இடக் கணக்கில் பாஜகவை முந்தவும் முடியவில்லை. மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவில் காங்கிரஸுக்கு 8, பாஜகவுக்கும் 8. ஆனால் எது வந்தது, எது வரவில்லை என்று வாசகர் விரல்விட்டு எண்ண முடிகிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1967இல் அண்ணா ஜெயித்தபோது மக்கள் அவரிடம் கேட்டது, தேர்தலில் சொன்ன ரூபாய்க்கு ஒரு படி அரிசி எங்கே என்பதுதான். சென்னையிலும் கோவையிலும் கொடுத்தார், மாநிலம் முழுக்க விரிக்க முடியவில்லை. இன்றைக்கும் அந்தக் கணக்கை ஊரில் பெரியவர்கள் படி கணக்கிலேயே பேசுகிறார்கள்.